இந்த வருஷம் யார் குச்சி

எங்கள் தோட்டத்தில் மேல்கணக்கு, கீழ்கணக்கு என்று இரண்டு பிரிவு. இரண்டுக்கும் தனித்தனித் தப்பு மேளச் செட்டு. மாரியம்மன் திருவிழாவில் இரண்டும் சேர்ந்து அடிக்கும் என்று பேர்தான். ஒன்றை ஒன்று துரத்தும். 97ஆம் வருஷம் அந்தத் துரத்தலில் பல்லக்குத் தூக்கியவர்களின் காலும் தப்படியோடு சேர்ந்து ஓட்டமெடுத்தது. ஸ்டோர் வளைவில் அம்மன் பாதையோர வடிகால் கானுக்குள் சாயப் பார்த்தாள். நல்ல வேளையாகக் கிரீடம் மட்டும் விழுந்தது. யார் முந்தியது என்று அடுத்த திருவிழா வரைக்கும் சண்டை.

என் அண்ணன் மகள் விஜயகலா அப்போதுதான் கொழும்பிலிருந்து வந்து, தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டத் தொடங்கியிருந்தாள். கொழும்பில் ஒரு சிங்கள எஜமானியம்மா வீட்டில் வேலை; நோனா என்பாள். அந்த நோனா ஒரு பெரிய வாத்தியக் கூட்டத்தில் வயலின் வாசிக்கிறவர். பெட்டியைத் தூக்கிக்கொண்டு இவளும் ஒத்திகைக்குப் போவாள். பின்னால் உட்கார்ந்து இவள் பார்த்ததெல்லாம் ஒரே ஆளைத்தான். அவர் எதையும் வாசிக்க மாட்டாராம். முன்னால் நின்று சின்னக் கம்பு ஒன்றை அசைப்பாராம். அத்தனை பேரும் அவர் கையைப் பார்த்து வாசிப்பார்களாம்.

"அதுக்குச் சம்பளம் வேறயா?" என்று கேட்டான் இராமசாமி. மேல்கணக்குச் செட்டுக்கு அவன்தான் தலைவன்.

"எல்லாரையும்விட கூட, மாமா."

"சும்மா நிக்கிறதுக்கு. அப்ப நம்ம கங்காணி மாதிரிதான்னு சொல்லு."

அவள் கோயில் கமிட்டியிடம் போய், இரண்டு செட்டையும் தானே முன்னால் நின்று நடத்துவதாகச் சொல்லிவிட்டாள். கிரீடம் விழுந்த பயத்தில் அவர்களும் சரி என்றார்கள். அந்த நேரம் பார்த்து நோனாவும் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"இது சரிவரலன்னா நா கொழும்புக்கே போயிருவேன், சித்தப்பா" என்றாள் என்னிடம். "ஆனா அங்க பின்னால ஒக்காந்து பாக்கத்தான் முடியும். முன்னால நிக்கிறதுன்னா எனக்கு இங்கதான்."

ஞாயிற்றுக்கிழமை ரப்பர் பால் அளக்கும் கொட்டகையில் கூடினோம். வெளியே மழை. சுள்ளி மூட்டித் தப்புத் தோலைக் காய்ச்சிக்கொண்டோம். பக்கத்துக் கிராமத்துப் பன்சலையில், புத்தர் கோயிலில், மேளம் அடிக்கும் பியசேனவும் கேள்விப்பட்டு வந்திருந்தார். விஜயகலா பால் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி நின்று, தோல் சீவிய கொய்யாக் கம்பு ஒன்றை உயர்த்தினாள். ஒருவனும் அடிக்கவில்லை.

இராமசாமி தப்பைத் தரையில் வைத்தான். "கம்பக் காட்டி வேல வாங்குறது பெரட்டோட போகட்டும், புள்ள. ஞாத்துக்கெழமயுமா?"

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. தினமும் விடியக்காலையில் பெரட்டுக்களத்தில் கங்காணி கம்பை நீட்டித்தான் ஆளைப் பிரிப்பார். யார் எந்த மலைக்கு என்று அந்தக் கம்புதான் சொல்லும். அதைப் பார்த்துப் பார்த்து எங்களுக்கு வயசாகிவிட்டது.

விஜயகலா கம்பை நெருப்பில் போட்டாள். வெறும் கையால் காட்டினாள். கொட்டகை இருட்டில் பின்வரிசைக்குக் கை தெரியவில்லை. மறுபடியும் ஓட்டப்பந்தயம்.

"மட்ட பேன்னே நே, நங்கி" என்றார் பியசேன. அவருக்கும் தெரியவில்லையாம்.

அவள் வாளியைவிட்டு இறங்கினாள். "அப்ப ஒங்க குச்சியில ஒண்ணு குடுங்க. கங்காணி கம்பு இல்ல, ஒங்க குச்சி. பிடிக்கலன்னா புடுங்கிக்கங்க."

தப்புக்கு இரண்டு குச்சி. தடித்தது ஒன்று, நீளமான மூங்கில் சிம்பு ஒன்று. சிம்பைக் கொடுத்தவன் திருவிழாவில் அடிக்க முடியாது. எல்லோரும் அவரவர் கால்விரலைப் பார்த்தார்கள்.

எனக்கோ கீழ்மலையிலிருந்து பால் சுமந்து சுமந்து தோள்பட்டை விட்டுப்போயிருந்தது. "இந்தா புடி. எனக்கு உக்கார எடம் கெடச்சா போதும்" என்று என் சிம்பை நீட்டினேன். சிரித்துவிட்டார்கள். சிரித்த பிறகு முறைத்துக்கொண்டு நிற்க முடியாதே, தப்பை எடுத்தார்கள்.

நான் சிமெந்துக் கட்டில் உட்கார்ந்தேன். சின்ன வயசிலிருந்து தப்பு அடிக்கிறேன், அன்றைக்குத்தான் எங்கள் தப்பைக் கேட்டேன். அடிக்கிறவன் காதில் அவன் தப்பு மட்டும்தான் விழும். வெளியே உட்கார்ந்தால் இரண்டு செட்டும், நடுவே பியசேனவின் மேளமும், எல்லாம் ஒரே உடம்பு மாதிரி வந்தது. கொஞ்ச நேரம்தான். பிறகு ஒரு பக்கம் இழுத்தது. விஜயகலா சிம்பை உயர்த்தி நிறுத்தினாள்.

"நீங்க முந்துறீங்க, மாமா."

"நா எங்க முந்துறேன்? அவனுங்க பிந்துறானுங்க."

"நீதான்யா முந்துற" என்றேன். "இங்க வந்து ஒக்காந்து பாரு."

அடுத்த ஞாயிறு இராமசாமி தன் சிம்பை அவளிடம் கொடுத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கீழ்கணக்குக்காரர்களின் குற்றத்தைக் கையோடு பிடிக்க வந்தவன். காதைச் சாய்த்துக் கேட்டான். பீடியைப் பற்றவைக்க எடுத்தவன் பற்றவைக்கவே இல்லை. முடிந்ததும், "நா இல்லாம நல்லாத்தான்டா இருக்கு" என்றான். கொஞ்சம் வருத்தமாகத்தான் சொன்னான்.

"நீங்க இருந்து, இப்பிடி இருக்கணும். அதுக்குத்தான் கேக்கச் சொன்னேன்" என்றாள் விஜயகலா.

திருவிழா அன்றைக்கு என் சிம்புதான் அவள் கையில். பல்லக்குக்கு முன்னால், முதுகைப் பாதைக்குக் காட்டி, அடிக்கிறவர்களைப் பார்த்தபடி பின்பக்கமாகவே நடந்தாள். விழுந்துவிடாமல் அவள் தோளைப் பிடித்து வழிகாட்டுகிற வேலை எனக்கு. ஸ்டோர் வளைவில் சிம்பைத் தாழ்த்தினாள். அடி தாழ்ந்தது. தூக்கியவர்களின் காலும் தாழ்ந்தது. அம்மன் ஆடி அசைந்து, கிரீடம் நேராக, வளைவைத் தாண்டிப் போனாள். கமிட்டித் தலைவர் கானின் ஓரத்தில் இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு நின்றிருந்தார், வேலையில்லாமல் போய்விட்டது.

மறுநாள் கஹவத்தை ஜாபிர் நானா கடையிலிருந்து அவள் நோனாவுக்குப் போன் பண்ணினாள். "என்ட பே, நோனா. மட்ட மெஹே வெட தியெனவா." வர முடியாது, எனக்கு இங்கே வேலை இருக்கிறது என்று. பால் வெட்டைத்தான் சொல்கிறாள் என்று அந்த நோனா நினைத்திருக்கும்.

பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. கலவானப் பக்கமெல்லாம் எங்களைக் கூப்பிட்டு அடிக்க வைத்திருக்கிறார்கள். விஜயகலா இன்னும் காலையில் பால் வெட்டுகிறாள். சொந்தமாக ஒரு குச்சி வைத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு தடவையும் வந்து, கையை நீட்டித்தான் கேட்பாள். முன்பு கொடுக்க ஆளில்லை. இப்போது அடுத்த திருவிழாவுக்கு இப்போதே தகராறு.

"இந்த வருஷம் எங்குச்சி" என்கிறான் இராமசாமி.

"போன வருஷமும் ஒங்களுதுதான் மாமா. எல்லாரும் ஒக்காந்து கேட்டா யாரு அடிக்கிறது?"

"நீ சித்தப்பனுக்குப் பரிஞ்சு பேசுற."

"அவரு தோள் வலின்னு சொல்றாரு."

உண்மையில் தோள் இப்போது அவ்வளவாக வலிப்பதில்லை. பென்ஷன் வாங்கிக்கொண்டு வீட்டில்தான் இருக்கிறேன். ஆனாலும் அவள் பார்க்கும்போது கொஞ்சம் தடவிவிட்டுக்கொண்டேன்.