பின்சீட்டுத் தையல்

அத்தானுக்கு வாய்தான் மூலதனம். பழைய கார் ஒன்றை வாங்கிவிட்டு ஊரையே விலைக்கு வாங்கியவர்போல் என் கடை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். "ஒரே ஆள் ஓட்டின வண்டி. கீறல்கூட இல்ல பாரு. சீட் உறை மட்டும் மாத்திக் குடு, சாயந்தரம் கிளம்பணும்" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். நான் கார் சீட்டுக்கு உறை தைப்பவள். அக்கா, அத்தான், நாலு வயது வாலு, மூவரும் அன்று நெடுஞ்சாலையில் வெகுதூரம் போகிறார்கள். வாலு என்பது அக்கா மகள். அவளுடைய நல்ல பெயர் பள்ளிக்கூடத்தில் மட்டும்தான் செல்லும்.

பின்சீட்டைத் தூக்கினால்தான் உறையைக் கழற்ற முடியும். தூக்கினேன். மூலையில் கற்கண்டுபோல் ஏதோ மின்னியது. தொட்டுப் பார்த்தால் கண்ணாடி. பழைய வண்டியில் ஒரு கண்ணாடி உடையாமலா இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அப்புறம்தான் பெல்ட்டைப் பார்த்தேன்.

பெல்ட்டின் அடிமுனை சீட்டுக்கடியில் ஓர் இரும்பில் மாட்டியிருக்கும். வெளியே தெரியாது. இடப்பக்கப் பட்டையை அந்த இடத்தில் யாரோ அறுத்து, பிறகு ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துத் தைத்திருந்தார்கள். கம்பெனித் தையல் இல்லை. நூலை நகத்தால் நெருடினேன். நான் உறைக்குப் போடுகிற அதே நூல்.

பட்டை தானாக அறுந்தால் நார்நாராகப் பிரியும். இது கத்தி வைத்த வெட்டு. உள்ளே சிக்கிக்கொண்ட யாரையோ வெளியே எடுக்க அறுத்திருக்கிறார்கள். இடப்பக்கம் வாலு உட்காரும் இடம்.

அத்தான் வந்ததும் காட்டினேன். கண்ணாடித் துண்டுகளைப் பார்த்து அவர் ஆச்சரியப்படவில்லை. அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது.

"உங்களுக்குத் தெரியுமா?"

"அக்காகிட்ட சொல்லிடாத" என்றார். "இன்ஷூரன்ஸ்காரங்க டோட்டல் லாஸ்னு ஒதுக்கின வண்டி. சரி பண்ற செலவு வண்டி விலையைத் தொட்டுட்டா அப்படித்தான் தலைமுழுகிடுவாங்க. அதை ஒருத்தர் எடுத்து சரி பண்ணியிருக்காரு. நம்மள மாதிரி ஆளுங்க வேற எப்படி கார் வாங்கறது?"

"இதுல யாரு அடிபட்டாங்க?"

"அதெல்லாம் நான் கேக்கல."

"இந்தத் தையல் தாங்காது அத்தான்."

"எல்லாத்துக்கும் பயந்தா வீட்டை விட்டே கிளம்ப முடியாது. இங்க பாரு." கதவுச் சட்டத்தில் காலை ஊன்றி, பட்டையைக் கையில் சுற்றி இழுத்தார். முதல் இழுப்பில் நூல் முனகியது. அடுத்த இழுப்பில் டர்ரென்று பிரிய, அத்தான் தரையில் மல்லாந்தார்.

அவர் விழுந்தால் முதலில் சிரிப்பவள் நான்தான். அன்று சிரிப்பு வரவில்லை.

பட்டையைக் கையில் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். "நேத்து நூறுல வந்தேன்" என்றார். "அவ இங்கதான் தூங்கிட்டு வந்தா." வாய் கோணியது. தண்ணீர் கொடுத்தேன், பாதி சட்டையில் சிந்தியது. ஒரே ஒரு சடன் பிரேக் போதுமாக இருந்திருக்கும். அதற்கு மேல் நினைக்கவே பயமாக இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இந்தச் சனியன் நமக்கு வேணாம். பஸ்ஸுல போயிடறோம். வண்டியை வித்துடறேன்."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"நீ ஒண்ணு பண்ணு. முன்ன இருந்த மாதிரியே தச்சு வச்சிடு. மேல உறை போட்டா யாருக்குத் தெரியப்போகுது?"

அவர் குரலில் கெட்ட எண்ணம் துளியும் இல்லை. பிள்ளை பிழைத்த நிம்மதிதான் இருந்தது. இவருக்கு முன்னாலும் ஒரு நல்ல மனிதர் தன் பிள்ளையை இந்தச் சீட்டிலிருந்து இறக்கிவிட்டு, என்னைப்போல் ஒருத்தியிடம் இதே குரலில் கேட்டிருப்பார். அவளும் சொந்தக்காரர் கேட்கிறாரே என்று ஊசியில் நூலைக் கோத்திருப்பாள்.

நான் பெரிய கத்தரியை எடுத்தேன். பட்டையை வந்தவரை வெளியே இழுத்து, சாண் சாணாக நறுக்க ஆரம்பித்தேன்.

"பைத்தியமா உனக்கு? இனிமே எவன் வாங்குவான்?"

"எவனும் வாங்க வேணாம்" என்றேன். கத்தரியைக் கீழே வைக்காமல் அடுத்த பக்கத்து பெல்ட்டையும் இழுத்தேன்.