ஒத்திகையையும் சேர்த்து

நடனக்காரி பதினாறு மாதம் கர்ப்பமாக இருந்தாள். அதில் ஏழு மாதம் உடம்பில் ஏறவில்லை. அது ஒத்திகைக் கூடத்தில் போன நேரம். அந்தக் கூடத்தில் யாருக்கும் நேரம் ஓடாது என்பது அரங்கத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதைப் பற்றி யாரும் வியந்து பேசியதில்லை. கழிப்பறையில் தண்ணீர் வராததைப் பற்றித்தான் பேசினார்கள்.

காரணம் ஒப்பந்தத்தின் மூன்றாவது பத்தியில் இருந்தது. திரை ஏறியதிலிருந்து இறங்கும்வரை இரண்டு மணி பத்து நிமிடம். சம்பளம் அதற்கு மட்டும். மற்றது எதுவும் வேலை நேரம் ஆகாது என்று அச்சடித்திருந்தார்கள். வேலை நேரம் ஆகாதது வேறு எந்த நேரமாகவும் ஆகவில்லை. கூடம் மூன்றாவது மாடியில், தகரக் கூரைக்குக் கீழே இருந்தது. ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி, அதன் இடது மூலையில் விரிசல். காலை எட்டுக்கு உள்ளே நுழைந்தால் சுவர்க் கடிகாரம் எட்டிலேயே நிற்கும். பேட்டரியை மாற்றிப் பார்த்து அலுத்துவிட்டார்கள். தேநீர் ஆறாது. தாடி வளராது. பசிக்காது. கால் மட்டும் வலிக்கும். அது எப்படி என்று யாராலும் சொல்ல முடியவில்லை. மாலை ஆறுக்குக் காவலாளி கீழிருந்து மணி அடிப்பார். அப்போதுதான் வெளியே ஒரு நாள் போயிருப்பது தெரியும். வாரத்துக்கு ஆறு நாள் இப்படி. பிறகு இறங்கி, வேஷம் போட்டு, காட்சிக்குப் போவார்கள்.

இதனால் லாபம் அடைந்தவன் என்று சொன்னால் இளவரசனைச் சொல்லலாம். இருபத்தெட்டு வருடமாக அந்த வேஷத்தைப் போட்டதால் அவனுக்கு அதுவே பெயராகிவிட்டது. சான்றிதழில் நாற்பத்தெட்டு, உடம்பில் முப்பத்தெட்டு. டிக்கெட் அவன் முகத்துக்குத்தான் விற்றது. கல்யாணமான வருடம் குழுவில் சேர்ந்தான். அப்போது மனைவி அவனைவிட மூன்று வயது சின்னவள். இப்போது ஏழு வயது பெரியவள்.

நடனக்காரியும் அவள் கணவன் விளக்குக்காரனும் ஒரே ஒப்பந்தத்தில் இருந்தார்கள். ஒருவர் மூன்று வாரத்துக்கு மேல் ஒத்திகைக்கு வராவிட்டால் இரண்டு பெயரும் போகும். வயிறு தெரிய ஆரம்பித்ததும் மேனேஜர் அவளைக் காட்சியிலிருந்து எடுத்து, புதுப் பெண்களுக்கு அடவு சொல்லிக்கொடுக்க அனுப்பினார். பயிற்சிக்குச் சம்பளம் இல்லை. பத்தாவது மாதம் வந்தது, போனது. விளக்குக்காரனின் தங்கை ஆஸ்பத்திரியில் நர்ஸ். பன்னிரண்டாவது மாதத்தில் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, “இது குழந்தையா, இல்ல மேம்பாலமா அண்ணி? கட்டி முடிக்கவே மாட்டேங்கறீங்க” என்றாள். பிறகு வாரத்துக்கு அறுபது மணி நேரம் என்று ஒரு துண்டுச் சீட்டில் கணக்குப் போட்டாள். பதினாலாவது மாதத்தில், ஒரு வாரம் வீட்டில் இருந்தால் பிறந்துவிடும் என்று சொன்னாள்.

விளக்குக்காரன் அன்றே தொட்டில் கட்டினான். அதற்கு மேலே ஒரு சின்ன பல்பைத் தொங்கவிட்டு, வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகு வைத்தான். அதைத் திருகித் திருகிச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது அவள் பாயைச் சுருட்டி இடுக்கிக்கொண்டு கிளம்பினாள்.

“எங்க போற?”

“மேல. கூடத்துக்கு. இனி அங்கயேதான்.”

“பைத்தியமா உனக்கு? ஒரு வாரம்டி. ஒரே வாரம்.”

“பொறந்துரும். தெரியும். நாலாவது வாரம் நான் திரும்ப அங்கதான போகணும்? அது வளரும், நான் நிப்பேன். அதுக்கு இருபது வயசாகும்போது நான் யாரு, அக்காவா?”

“இப்ப என்னதான் செய்யணுங்கற?”

“நாங்க நின்ன நேரத்த நேரம்னு எழுதட்டும். எழுதின அன்னிக்குப் பெத்துக்கறேன்.”

அப்படித்தான் அவள் கண்ணாடிக்கு எதிரே பாயை விரித்து உட்கார்ந்தாள். வயிற்றில் குழந்தை நகரவில்லை. தூங்குகிற குழந்தைபோல் இருந்தது. விளக்குக்காரன் தினமும் ஒரு டப்பாவில் சாப்பாடு கொண்டுவந்தான். அவளுக்குப் பசிக்கவில்லை. டப்பாக்கள் சுவரோரம் சேர்ந்தன, எல்லாம் சூடு குறையாமல். வீட்டுக்குப் போய்த் தொட்டில் விளக்கைப் போட்டு அணைப்பான். அந்த நாட்களில் அவன் மட்டும் இளைத்தான்.

மேனேஜர் மூன்று மாடி ஏறி வந்தார். “உண்ணாவிரதம்னு மட்டும் போர்டு மாட்டிராதம்மா. உனக்குப் பசிக்கவே இல்ல.”

“ஏன் பசிக்கலன்னு அதையே எழுதிக் குடுங்க சார்.”

முதலாளி சொல்லி அனுப்பியதை அவர் சொன்னார்: ஒரு முடி நரைக்கவில்லை, ஒரு வேளை பசிக்கவில்லை, உடம்பில் எதுவும் தேயாதபோது சம்பளம் எதற்கு? நடனக்காரி பாதத்தைத் திருப்பி உள்ளங்காலைக் காட்டினாள். அவர் பார்த்தார். இறங்கிப் போனார்.

நாற்பதாவது நாளுக்குள் நடனப் பெண்கள், பாடகர்கள், கத்திச் சண்டைக்காரர்கள் என்று முப்பது பேர் காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஒத்திகை வேலை நேரம் என்று எழுதாவிட்டால் மேடை ஏற மாட்டோம் என்பதுதான் அதில் இருந்தது. முப்பத்தொன்றாவது ஆள் இளவரசன். அவன் போடவில்லை. எழுதினால் எல்லோருடைய மணியும் திரும்பி வரும். அவனுக்குப் பத்து வருடம் வரும். முகம் போனால் வேஷம் போகும். அவனை வைத்துத் தனியாகவே காட்சியை ஓட்டிவிடலாம் என்று முதலாளி நம்பினார். நடனக்காரி அவனைத் திட்டவில்லை. அவனுக்கு இழக்க ஏதோ இருந்தது என்பதை எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

ஐம்பத்திரண்டாவது நாள் காலையில் இளவரசனின் மனைவி வந்தாள். மாடிக்கு மாடி நின்று, கைப்பிடியைப் பிடித்து ஏறினாள். நடனக்காரியின் பாயில் பக்கத்திலேயே உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள். கண்ணாடிமுன் புருவம் தீட்டிக்கொண்டிருந்த இளவரசன் திரும்பினான்.

“நீ எதுக்கு இவ்வளவு படி ஏறின?”

“போன வாரம் பேங்க்ல அந்தப் பொண்ணு உங்கள என் தம்பின்னு சொல்லிச்சு. நீங்க சிரிச்சீங்க.”

“அதுக்கு?”

“அதனால நான் இங்கயே இருந்துக்கறேன். நீங்க வெளிய போய் வயசாகிட்டு வாங்க. பத்து வருஷந்தான, காத்திருக்கேன்.”

ஒரு கத்திச் சண்டைக்காரன் சிரித்தான். யாரும் கூடச் சிரிக்காததால் நிறுத்திக்கொண்டான். அவள் யாரையும் பார்க்காமல், “தனியா வயசாகி அலுத்துப்போச்சுங்க” என்றாள்.

இளவரசன் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தான். எவ்வளவு நேரம் பார்த்தான் என்று அந்தக் கூடத்தில் சொல்ல முடியாது. பிறகு காகிதத்தைக் கேட்டான். கையில் இருந்தது புருவப் பென்சில். அதிலேயே கையெழுத்துப் போட்டான்.

அன்று மாலை அரங்கம் நிறைந்திருந்தது. மேடையில் யாரும் இல்லை. டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். மறுநாள் பத்தரை மணிக்கு மேனேஜர் புது ஒப்பந்தத்தோடு வந்தார். ஒத்திகை, பயிற்சி, வேஷம் போடும் நேரம் எல்லாம் வேலை நேரம். பேறுகால விடுப்பு உண்டு. பழைய மணிகளுக்குச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குதான் கிடைத்தது. அதற்குமேல் முதலாளி அசையவில்லை. தண்ணீர்க் குழாயைச் சரிசெய்வதாகவும் ஒரு வரி இருந்தது. மேனேஜர் கையெழுத்திட்டார். கடிகாரம் ஓடியது.

தேநீர் எல்லாம் ஒரே நொடியில் ஆறின. ஆண்களுக்குத் தாடி இறங்கியது. ஐம்பத்திரண்டு டப்பாக்கள் ஊசிப்போயின; அன்று கொண்டுவந்த ஒன்றை முப்பது பேர் அடித்துப்பிடித்துச் சாப்பிட்டார்கள். நடனக்காரி, “வந்துருச்சு” என்றாள். நாடகத்துச் சிம்மாசனத்தில் அவளை உட்காரவைத்துத் தூக்கினார்கள். முன்கால் ஒன்றை விளக்குக்காரன் பிடித்தான், மற்றொன்றை இளவரசன். இரண்டாவது மாடியில் இளவரசனுக்குக் காதோரம் நரைத்தது. முதல் மாடியில் நெற்றி ஏறியது. தரைத்தளத்தில் மூச்சு வாங்கியது. கொஞ்சம் நின்று போகலாமா என்று கேட்டான். நின்றார்கள். பின்னால் மெல்ல இறங்கி வந்த மனைவி முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

ஒன்றரை மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. மாலையில் அதன் தலை நின்றது. மறுநாள் குப்புற விழுந்தது. மூன்றாம் நாள் இரண்டு பல்லோடு உட்கார்ந்து, தொட்டில் விளக்கைப் பிடித்து இழுத்தது. ஏழு மாதமும் வந்து சேர்ந்தபின் எல்லாக் குழந்தைகளையும்போல் வளர்ந்தது. இளவரசன் ராஜா வேஷத்துக்கு மாறினான். பேங்கில் இப்போது அவர்களை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

பிறப்பைப் பதியப் போனபோது அலுவலகத்தில் நீள வரிசை. எழுத்தர் படிவத்திலிருந்து கண்ணை எடுக்காமல், “கர்ப்ப காலம் எத்தன மாசம்?” என்று கேட்டார்.

“பதினாறு” என்றான் விளக்குக்காரன்.

“ஒத்திகையையும் சேர்த்தா?”

“சேர்த்துதான்.”

அவர் பதினாறு என்று எழுதி, முத்திரை குத்தி, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.