பனியில் சறுக்கத் தெரிந்தவர்

படிவத்தின் கடைசிக் கேள்வியை மட்டும் விட்டுவிட்டு என் வீட்டுக்காரர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டது, எண்பத்து மூன்றாம் வருஷம் கார்த்திகை பிறந்த அன்று. வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. பெயர், வயது, உயரம், எடை, பூட்ஸ் அளவு எல்லாவற்றையும் எனக்கும் சேர்த்து அவரேதான் பிரெஞ்சில் நிரப்பினார். என் பூட்ஸ் அளவுதான் பெரும்பாடாகிவிட்டது. ஐம்பத்தாறு வயதுவரை ரப்பர் செருப்பைத் தவிர எதையும் போட்டறியாத காலுக்கு என்ன அளவு என்று யாருக்குத் தெரியும்? பழைய காலண்டர் தாளைத் தரையில் விரித்து, என்னை ஏறி நிற்கச் சொல்லி, குந்தி உட்கார்ந்து பென்சிலால் என் பாதத்தைச் சுற்றிக் கோடு போட்டார். கல்யாணத்தில் மெட்டி போட்டதற்கப்புறம் நீங்கள் என் காலைத் தொடுவது இன்றைக்குத்தான் என்றேன்.

"சும்மா நில்லு. கூச்சத்துல வெரல மடக்காத, அளவு தப்பிப் போயிரும்."

படிவம் எங்கள் ஒரே மகன் சோமசேகரன் பிரான்ஸில் லியோனிலிருந்து அனுப்பியது. அவனும் மருமகள் ஆத்ரியேனும் பேத்தியோடு பிப்ரவரியில் எட்டு நாள் ஆல்ப்ஸ் மலையில் தங்கப் போகிறார்கள், நாங்களும் வந்தே ஆக வேண்டும் என்று எழுதியிருந்தான். அந்த ஊருக்குள் கார் போகக் கூடாதாம். அடிவாரத்திலேயே நிறுத்திவிட்டு, கம்பியில் தொங்கும் பெட்டியில் ஏறி மேலே போக வேண்டுமாம். மேலே போனால் நடை, இல்லாவிட்டால் குதிரை இழுக்கிற சக்கரமில்லாத வண்டி. கடிதத்தைப் படித்துக் காட்டியபோது எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நான் பிறந்த வீடு வரிச்சிக்குடியில் வாய்க்கால் தாண்டி உள்ளே இருந்தது. ஐப்பசி, கார்த்திகையில் மாட்டு வண்டிகூட அங்கே வராது. அதற்காக யாரும் காசு கொடுத்து வந்து தங்கியதாக எனக்கு நினைவில்லை.

சிரித்தேனே தவிர, எனக்கு ஆசை இருந்தது. பொய் சொல்வானேன், கொள்ளை ஆசை. இருபது வருஷம் அவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் அங்கே இருந்தார், நான் பிள்ளையை வைத்துக்கொண்டு காரைக்காலில் இருந்தேன். பாஸ்போர்ட்டில் நானும் பிரெஞ்சுக்காரிதான். பிரான்ஸை மட்டும் கண்ணால் பார்த்ததில்லை. அந்தப் பனியில் ஒரு தடவை கால் வைத்துவிட்டு வந்தால் போதும் என்றிருந்தது. பக்கத்து வீட்டு ழோசெத் அங்கே மூன்று குளிர்காலம் இருந்து வந்தவள். அந்துருண்டை வாசம் அடிக்கும் கம்பளிக் கோட்டைக் கொண்டுவந்து என் தோளில் போட்டாள். காரைக்கால் புழுக்கத்தில் இரண்டு நிமிடத்தில் எனக்கு வேர்த்து வடிந்தது. பொடவை கட்டினால் பனியில் ஈரம் ஏறி விறைத்துப் போகும், பேசாமல் ஆத்ரியேன் சொல்கிறபடி கால்சட்டை போடு என்றாள். போட்டால் போகிறது, அங்கே யார் வரிச்சிக்குடி ஆள் பார்க்கப் போகிறார்கள் என்று நானும் ஒத்துக்கொண்டேன். பருப்புப் பொடிக்கும் எலுமிச்சை ஊறுகாய்க்கும் ஜாடி கழுவி வைத்தாயிற்று.

இப்படி நான் ஒரு பக்கம் கிளம்பிக்கொண்டிருக்க, அவர் இன்னொரு பக்கம் பின்வாங்கிக்கொண்டிருந்தார். முதலில் மாசி அறுவடை என்றார். வயலில் இறங்கினால் சேறு ஒட்டும் என்று வரப்பிலேயே நிற்கிற மனுஷன்! அப்புறம் பென்ஷன்காரர்கள் உயிரோடு இருப்பதாக நேரில் போய்க் காட்டும் சர்த்திபிக்கா வேலை அந்தச் சமயத்தில்தான் வரும் என்றார். அதற்கும் அப்புறம் என் மூட்டுவலியை ஞாபகப்படுத்தினார். எனக்கே அது மறந்து போயிருந்தது. படிவம் மேஜை மேல் கிடந்தது. டிசம்பர் பத்துக்குள் சேர வேண்டும் என்று சோமு எழுதியிருந்தான்.

அவர் தன் பங்குக்கு விட்டுவைத்திருந்த கடைசிக் கேள்வியை ழோசெத்தான் எனக்குப் படித்துச் சொன்னாள். பனியில் சறுக்கும் ஸ்கி ஆட்டம் எவ்வளவு தெரியும் என்று கேட்டு மூன்று கட்டம் போட்டிருந்தது. தெரியாது, சுமாராகத் தெரியும், நன்றாகத் தெரியும். என் பெயருக்கு நேரே 'தெரியாது' என்று கோடு போட்டிருந்தார். அவர் பெயருக்கு நேரே ஒன்றுமில்லை.

எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. ஏனென்றால் காரைக்காலில் ஸ்கி என்றால் என் வீட்டுக்காரர் குலசேகரன்தான். எங்கள் கூடத்தில் ஒரு படம் மாட்டியிருக்கிறது. வெள்ளை மலை, நடுவில் இவர், தோளில் நீளமான இரண்டு ஸ்கிக் கட்டைகள். அதைக் காட்டி எத்தனை பேரிடம் கதை சொல்லியிருப்பார்! மலை உச்சியிலிருந்து காற்றாய் இறங்கியது, திருப்பத்தில் தாவியது, ஒரு கப்பித்தேனை, பட்டாளத்துப் பெரிய அதிகாரியையே முந்தியது. சோமு எட்டு வயதில் அந்தப் படத்தைக் கழற்றிப் பள்ளிக்கூடத்துக்கே கொண்டுபோய்க் காட்டினான். இந்தக் கடிதத்திலும் எழுதியிருந்தான்: 'அப்பா, நான் ஸ்கி கற்றுக்கொண்டதே உங்கள் படத்தைப் பார்த்துத்தான். இந்தத் தடவை உச்சியிலிருந்து நாம் இரண்டு பேரும் ஜோடியாக இறங்க வேண்டும். மூன்றாவது கட்டத்தில் கோடு போட்டு அனுப்புங்கள்.'

மழை நாலைந்து நாள் விட்டிருந்த ஒரு காலையில், காரைக்கால்மேட்டிலிருந்து மீன் கொண்டுவரும் காசியம்மா கூடையை இறக்கியதும் இறக்காததுமாகக் கேட்டாள்.

"ஏங்க்கா, அண்ணனுக்கு எதுவும் வேண்டுதலுங்களா?"

"என்ன வேண்டுதல்?"

"இல்ல, மூணு நாளா சாயங்காலமானா நம்ம பக்கம் வர்றாரு. மணல் மேட்டுல ஏறி, ரெண்டு பலகய கால்ல கட்டிக்கிட்டு, கையில ரெண்டு கழி வேற. வுழுவுறாரு, எந்திரிக்கிறாரு, திரும்ப ஏறுறாரு. வல பின்னுற பொம்பளைங்கல்லாம் வேலய வுட்டுட்டுப் பாக்குறாளுவ. நாந்தான் அதட்டுனேன், சாமி காரியம் சிரிக்காதீங்கடின்னு."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அறுவடை, சர்த்திபிக்கா, என் மூட்டுவலி எல்லாம் எனக்கு அந்த நிமிடத்தில் விளங்கிவிட்டது. அன்றைக்குச் சங்கரா மீன் வாங்கினேன். அவருக்குப் பிடித்தது.

சாப்பாட்டை முடித்து அவர் கை கழுவிவிட்டு வந்ததும், தைலத்தை எடுத்துக்கொண்டு போய் எதிரில் உட்கார்ந்தேன். முழங்கை இரண்டும் சிராய்த்திருந்தன. தடவிக்கொண்டே கேட்டேன்.

"ஏங்க, நெசமா ஒரு நாளாச்சும் அதுல ஏறியிருக்கீங்களா?"

மற்ற முழங்கையையும் திருப்பிக் காட்டினார். பிறகு, "பட்டாளத்து ஸ்டோர்ல இருந்தேன்" என்றார். "ஆபீசருங்க போவாங்க, வருவாங்க. நான் கட்டைக்கி மெழுகு தடவி வெப்பேன். நாப்பது ஜோடி. ஒரு ஜோடி மாறுனதில்ல. போட்டோவுல இருக்குறது கப்பித்தேனோடது."

"ஒரு தடவ குடுங்கன்னு கேக்க வேண்டியதுதான?"

"கேட்டா குடுத்திருப்பாங்க. வுழுந்தா சிரிப்பாங்கன்னு கேக்கல."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். முப்பது வருஷம் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த மனுஷன். ஆனால் பாவமாக இருந்தது, அதைவிட அதிகமாகப் பிரியமாக இருந்தது. அறுபத்திரண்டு வயதில், மகனுக்காகக் காரைக்கால்மேடே பார்க்க விழுந்து விழுந்து எழுந்திருக்கிறாரே.

"போவாம இருந்துருவோம் அஞ்சுகம். ஒனக்கு ஒடம்பு முடியலன்னு எழுதிர்றேன்."

"எனக்கென்ன கேடு? நான் போவணும். பொய்ய ஒங்க வாயாலதான அவன்கிட்ட சொன்னீங்க? நெசத்தயும் ஒங்க வாயாலயே சொல்லிருங்க. முடியாதுன்னா சொல்லுங்க, ழோசெத்த கூட்டிக்கிட்டு நான் போய்ட்டு வர்றேன்."

"அவன் எட்டு வயசுலேர்ந்து நம்பிக்கிட்டிருக்கான்டீ" என்றார். தைலத்தை மூடி வைத்தேன். கடைசியில் அவரேதான், தபாலுக்கு நேரமில்லை, சனிக்கிழமை போனிலேயே பேசிவிடலாம் என்றார்.

சனிக்கிழமை சாயங்காலம் தந்தி ஆபீசில் பிரான்ஸ் போனுக்கென்றே ஒரு கூட்டம் இருக்கும். அங்கே அப்போது மத்தியானம், பிள்ளைகள் வீட்டில் இருக்கும் நேரம். காலையிலேயே பதிந்துவிட்டு வந்து மூன்று மணியிலிருந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். ஐந்தரைக்குப் பெயரைக் கூப்பிட்டார்கள். கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு ஆள்தான் நிற்கலாம். நான் கதவைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றேன். அவர் வெள்ளைச் சட்டை கசங்கி முதுகோடு ஒட்டியிருந்தது.

உள்ளூர்க்காரர்களுக்குப் புரியக் கூடாது என்று பிரெஞ்சில்தான் ஆரம்பித்தார். லைன் மோசம். அந்தப் பக்கம் கேட்கவில்லை போலிருக்கிறது, மறுபடி சொன்னார், இன்னும் சத்தமாக. அப்புறம் கத்தினார். பெஞ்சில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக நிமிர்ந்தார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. சனிக்கிழமை பிரான்ஸ் போனுக்கு வந்திருக்கிற கூட்டத்தில் பிரெஞ்சு தெரியாத ஒரே ஆள் நான்தான். மற்றதெல்லாம் இவர் மாதிரியே பழைய பட்டாளத்துச் சொல்தாக்கள், அவர்கள் பெண்டாட்டிகள், இவர் உச்சியிலிருந்து இறங்கிய கதையைப் பத்துத் தடவையாவது கேட்டவர்கள். பென்ஷன்காரர் முகைதீன் பிச்சை வாயைப் பொத்திக்கொண்டார். ழோசெத்தின் வீட்டுக்காரர் பிரான்சுவா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

திரும்பிப் பார்த்தவருக்கும் அது புரிந்துவிட்டது. ஒரு கணம் போனை வைத்துவிடுவாரோ என்று பயந்தேன். வைக்கவில்லை. இனி என்ன மறைக்க என்று நினைத்தாரோ என்னவோ, தமிழிலேயே கத்தினார்.

"சோமு! அப்பாவுக்கு ஸ்கி தெரியாதுப்பா! ஒரு நாளும் ஏறுனதில்ல! அது என் கட்ட இல்ல!"

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று அவர் ரிசீவரைக் காதில் அழுத்தினார். தந்தி ஆபீசில் ஒருவரும் அசையவில்லை. அப்புறம் சோமுவின் குரல், ஏதோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல, வாசலில் நின்ற எனக்கே கேட்டது.

"கேக்குதுப்பா. மொதல்ல கால அகட்டி நில்லுங்க. அகட்டிட்டீங்களா? இப்ப முட்டிய மடக்குங்க. இன்னும் கொஞ்சம்."

இவர் மடக்கினார். வேட்டி தரையைத் தொட்டது. ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, இரண்டு கையையும் முன்னால் நீட்டினார். இந்தப் பக்கம் சாய்ந்தார், அந்தப் பக்கம் சாய்ந்தார், ம், ம் என்று சொல்லிக்கொண்டே. மூன்று நிமிடம் முடிந்ததென்று கவுண்டரில் மணி அடித்தார்கள். அவர் நிமிரவில்லை.