வெள்ளை வீட்டுக்குள் யானை

என் மகள் யாதவிக்கு அமெரிக்காவில் ஒருவரையும் தெரியாது. கனடாவில் இருபத்தேழு சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்காவது பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லடி என்றால் கேளாத மாதிரிப் போய்விடுவாள். ஆனால் 1787ஆம் ஆண்டு கோடையில், வெளியில் யாரும் ஒட்டுக் கேட்டுவிடுவார்கள் என்று ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு, வேர்த்து ஒழுக ஒழுக அமெரிக்காவுக்கு அரசியலமைப்பு எழுதிய ஆட்களைப் பற்றி அவளிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். அன்றைக்கு நீங்கள் வீட்டுக்குப் போன மாதிரித்தான். சுவிஸில், வின்டர்தூரில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு இந்த விசர் எங்கிருந்து பிடித்தது என்று எனக்குத் தெரியாது. என்னுடைய பக்கத்தால் வரவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

இது 2016இல் நடந்தது. அவளுக்கு அப்போது பதினேழு வயது. கிம்னாசியம் என்கிற மேல்நிலைப் பள்ளியில், கடைசிப் பரீட்சையான மத்தூராவுக்கு முன்னால் ஒவ்வொரு பிள்ளையும் தானாக ஒரு பெரிய வேலை செய்து கொடுக்க வேண்டும். மற்றப் பிள்ளைகள் பனிப்பாறை உருகுவது, தேனீ குறைவது என்று ஒழுங்கான விஷயங்களை எடுத்தார்கள். இவள் அமெரிக்காவின் வரலாற்றையும் அரசியலையும் பகிடிச் சித்திரக்கதையாக வரைந்து இணையத்தில் போடப்போகிறேன் என்றாள். ஜெர்மனில் ஒன்று, அதையே தமிழில் ஒன்று.

தமிழில் என்றதும் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நான் இங்கே சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் அப்போதே பன்னிரண்டு வருடமாகப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். சிவகலா ரீச்சர் என்றால் பிள்ளைகளுக்குப் பயம். ‘ர’ வர வேண்டிய இடத்தில் ‘ற’ வந்தால் அரைப் புள்ளி வெட்டுவேன், அழுதாலும் திருப்பிக் கொடுக்கமாட்டேன். அந்தப் பெயரைச் சம்பாதிக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

கதை நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. அமெரிக்காவின் பதின்மூன்று பழைய மாநிலங்களையும் ஒரே வீட்டில் பிறந்த பதின்மூன்று பிள்ளைகளாக வரைந்திருந்தாள். எல்லாம் ஒன்றோடொன்று அடிபட்டுக்கொண்டே இருக்கும். பொஸ்டனில் தேயிலையைக் கடலில் கொட்டிய கதையை அவள் எனக்குச் சொன்னபோது நான் நம்பவில்லை.

“முன்னூற்று நாப்பத்திரண்டு பெட்டி அம்மா.”

“கொட்டினவைக்கு வீட்டில ஒருத்தரும் ஏசேல்லையோ?”

அடுத்த நாள் அதுவும் கதையில் வந்துவிட்டது. கொட்டினவன் ஈரக் காலோடு வீட்டுக்கு வருகிறான். அவனுடைய தாய் அகப்பையோடு வாசலில் நிற்கிறாள். அதை நான் ரசித்தேன்.

அதன் பிறகு கதை இந்தக் காலத்து அரசியலுக்கு வந்தது. அங்கே பெரிய கட்சிகள் இரண்டு. ஒன்றுக்கு அடையாளம் யானை, மற்றதற்குக் கழுதை. யாதவி அவை இரண்டையும் நாலு வருடத்துக்கு ஒரு முறை ஒரே வீட்டுக்காக அடிபடும் அயலவர்களாக்கினாள்.

இனித்தான் என்னுடைய குற்றம் வருகிறது. ஒரு நாள் பின்னேரம் நான் குசினியில் கத்தரிக்காய் பொரித்துக்கொண்டிருந்தேன். எண்ணெய் கையில் தெறித்த அதே நேரத்தில் இவள் தன்னுடைய அறையிலிருந்து கத்தினாள்.

“அம்மா, வைசெஸ் ஹவுஸ் எண்டால் தமிழில என்ன?”

“வெள்ளை வீடு!” என்று நானும் கத்தினேன்.

ஜெர்மனில் வைசெஸ் என்றால் வெள்ளை, ஹவுஸ் என்றால் வீடு. கணக்குச் சரிதானே? அமெரிக்க ஜனாதிபதி இருக்கிற இடத்தைத் தமிழில் வெள்ளை மாளிகை என்று சொல்வார்கள் என்பது செய்தி கேட்கிற சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்குத் தெரியாதா? தெரியும். எரிந்த கையைத் தண்ணீருக்குள் பிடித்துக்கொண்டு நின்றவளுக்கு வாயில் வந்தது அதுதான்.

நாலு நாள் கழித்து இணையத்தில் பார்த்தேன். பக்கத்துக்குப் பக்கம் வெள்ளை வீடு. ‘திருத்து பிள்ளை’ என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொன்னால், ‘நீங்கள்தானே சொன்னனீங்கள்’ என்பாள். அரைப் புள்ளி வெட்டுகிற ரீச்சருக்கு அது பெரிய அவமானம். ஆர் கவனிக்கப்போகிறார்கள் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

கவனித்தார்கள். வின்டர்தூரில் ஆளுக்கொரு கைத்தொலைபேசி இருக்கிறது, எல்லாவற்றிலும் வாட்ஸ்அப் இருக்கிறது. ஒரு படம் மட்டும் தனியாகக் கழன்று ஊரெல்லாம் சுற்றியது. அதில் கழுதை, மூக்குக்கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, பெட்டி கட்டுகிறது. வாசலை அடைத்துக்கொண்டு யானை நிற்கிறது.

“வெள்ளை வீட்டுக்குள்ள இனி நான்தான் வரப்போறன்,” என்கிறது யானை.

“காலைத் துடைச்சுக்கொண்டு வாரும்,” என்கிறது கழுதை.

இலங்கையிலிருந்து வந்த எங்களுடைய ஆட்களுக்கு யானை என்றால் கொழும்பில் ஒரு கட்சியின் சின்னம். வீடு என்றால் எங்களுடைய தமிழ்க் கட்சியின் சின்னம். வாக்குச்சீட்டில் காலங்காலமாகப் பார்த்து வந்த படங்கள். கொழும்பு யானை தமிழருடைய வீட்டுக்குள் நுழைகிறது, யாரோ ஒரு கழுதை காலைத் துடைத்துக்கொண்டு வா என்று மரியாதையாகக் கூப்பிடுகிறது. வீடு ஏன் வெள்ளை என்பதற்குக்கூட ஆளாளுக்கு ஒரு விளக்கம் வைத்திருந்தார்கள். ஒருவர்கூட அமெரிக்காவை நினைக்கவில்லை.

தமிழ்ப் பள்ளி நிர்வாகத்தின் தலைவர் பாலேந்திரன் அண்ணை. வீட்டுச் சின்னத்தைத் தவிர வேறு எதற்கும் வாழ்க்கையில் புள்ளடி போடாதவர். அதோடு, கடவுளே என்று, அவரும் கண்ணாடியைக் கயிற்றில் கட்டித்தான் தொங்கவிடுவார். எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

“ரீச்சர், அந்தக் கழுதை ஆர்?”

“அது அமெரிக்காக் கழுதை அண்ணை.”

“அமெரிக்காக் கழுதை ஏன் யாழ்ப்பாணத் தமிழ் கதைக்குது?”

பதிலுக்குக் காத்திராமல் தொலைபேசியை வைத்துவிட்டார்.

சனிக்கிழமை வகுப்புகள் முடிந்த பிறகு கூட்டம் என்று அறிவித்தார்கள். யாதவியும் வரவேண்டும், தமிழ்ப் பக்கத்தை முழுதாக அழிக்கவேண்டும், மன்னிப்புக் கடிதமும் தரவேண்டும். அதை அழித்தால் அவளுடைய வேலையில் பாதி போய்விடும். கொடுக்க வேண்டிய நாளுக்கு இன்னும் ஐந்து கிழமைதான் இருந்தது. எட்டு மாதம் முதுகு கூனிக் கூனி வரைந்த பிள்ளை அந்தக் கிழமை முழுவதும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. ஆனாலும் என் வாய் திறக்கவில்லை.

கூட்டத்துக்கு நாங்கள் மூன்று பேரும் போனோம். என் கணவர் யோகராஜா இப்படியான இடங்களுக்கு வந்தால் சுவரோடு சுவராகிவிடுவார். பாலேந்திரன் அண்ணை படங்களையெல்லாம் நிறத்தில் அச்சடித்து, நெகிழிக் கோப்பில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். மனுசன் மத்தூராப் பரீட்சை எடுத்திருந்தால் நல்ல புள்ளி கிடைத்திருக்கும்.

யாதவி எழுந்து நின்று விளங்கப்படுத்தினாள். அமெரிக்கக் கட்சிகள், நூற்றைம்பது வருடத்துக்கு முந்திய கேலிச்சித்திரங்கள், யானை எப்படி வந்தது, கழுதை எப்படி வந்தது. தமிழ் தடக்கிய இடத்தில் ஜெர்மனைப் போட்டு நிரப்பினாள். எல்லோரும் பொறுமையாகக் கேட்டார்கள். முடிந்ததும் பாலேந்திரன் அண்ணை ஒரு படத்தை எடுத்து நீட்டினார்.

“எல்லாம் சரி பிள்ளை. அமெரிக்காவில இருக்கிறது வெள்ளை மாளிகை. வீடு எங்க இருக்கு? வீடு எங்கட. இந்தச் சொல்லை உனக்கு ஆர் எடுத்துத் தந்தது?”

முழுக் குற்றமும் அந்த ஒரு சொல்லில் வந்து நின்றது.

“ஒருத்தரும் தரேல்லை. நான்தான் போட்டனான்,” என்றாள் யாதவி. என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“பொய் சொல்லாதை. ஆரோ பெரிய ஆக்கள் பின்னால நிக்கினம்.”

“இல்லை அங்கிள்.”

மூன்றாம் வகுப்புக்குப் படிப்பிக்கிற புனிதவதி, என்னோடு பன்னிரண்டு வருடமாகச் சிரித்துக்கொண்டே போட்டி போடுகிறவள், மெதுவாக வாயைத் திறந்தாள்.

“சிவகலா ரீச்சற்றை பிள்ளைக்கே மாளிகை எண்ட சொல் தெரியாதோ? அப்ப மற்றப் பிள்ளையளின்ரை நிலைமை என்ன?”

சிலர் சிரித்தார்கள். என் மகளின் காது இரண்டும் சிவந்துவிட்டன. நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். எழும்பு எழும்பு என்று மனம் சொன்னது, கால் கேட்கவில்லை. எழும்பினால் திங்கட்கிழமைக்கு முன்னால் ஊரெல்லாம் பரவிவிடும், ரீச்சருக்கே தமிழ் தெரியாதாம் என்று. என் பிள்ளை எனக்காக ஏச்சு வாங்குகிறாள், நான் என் பெயரைக் காப்பாற்றிக்கொண்டு கதிரையில் இருக்கிறேன். அதைவிட வெட்கம்கெட்ட இருப்பு நான் என் வாழ்க்கையில் இருந்ததில்லை.

“சரி, கதைச்சுப் பிரயோசனம் இல்லை. இப்பவே எங்களுக்கு முன்னால அழி,” என்றார் பாலேந்திரன் அண்ணை.

யாதவி கைத்தொலைபேசியை எடுத்தாள். தளத்தைத் திறந்தாள். விரல் அந்த இடத்துக்குப் போனது.

“நில்லு!” என்று எழும்பினேன். கதிரை பின்னால் விழுந்தது. “அந்தச் சொல்லை நான்தான் சொல்லிக் குடுத்தனான்.”

பாலேந்திரன் அண்ணை கண்ணாடியை எடுத்து மூக்கில் போட்டு, என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“ரீச்சர்… நீங்களும் யானையோ?”

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது.

“நான் யானையுமில்லை பூனையுமில்லை! கத்தரிக்காய் பொரிச்சுக்கொண்டு நிண்டனான், எண்ணெய் தெறிச்சுக் கை வெந்துபோச்சு, பிள்ளை கேட்டாள், வாய்க்கு வந்ததைச் சொன்னனான். இதில கொழும்பும் இல்லை, கட்சியும் இல்லை. பிழை என்ரை. பிறகு பாத்தனான், வெக்கத்தில திருத்தாமல் விட்டனான், அதுவும் என்ரை பிழைதான். எனக்கு எத்தினை புள்ளி வெட்டவேணுமோ வெட்டுங்கோ. அவளின்ரை படத்தில ஒருத்தரும் கை வைக்கவேண்டாம்!”

முதலில் சிரித்தது புனிதவதிதான். அவள் தொடங்க, மற்றவர்களும் தொடங்கினார்கள். யானையா பூனையா என்று யாரோ பின்னாலிருந்து கேட்க, அறை அதிர்ந்தது. நான் அழுகையா சிரிப்பா என்று தெரியாமல் நின்றேன். பாலேந்திரன் அண்ணை மட்டும் விடவில்லை.

“அப்ப இந்தக் கண்ணாடி? கயிறு?”

“அது அப்பாட கண்ணாடி,” என்றாள் யாதவி.

எல்லோரும் சுவர்ப்பக்கம் திரும்பினார்கள். யோகராஜா தன் கழுத்தில் தொங்கிய கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தார். கழுதையாக வரைந்தாலும் மகள் தன்னை வரைந்துவிட்டாளே என்று மனுசனுக்கு முகம் நிறையச் சந்தோஷம். பாலேந்திரன் அண்ணை படங்களை ஒவ்வொன்றாகக் கோப்புக்குள் திருப்பி வைத்தார்.

“அப்ப நான் இதில ஒரு இடத்திலயும் இல்லையோ?” என்று கேட்டார். குரலில் கவலை இருந்தது. யாதவி யோசித்துவிட்டு, செனட் சபையைப் பற்றி வரையும்போது பார்க்கலாம் என்றாள். அழிக்கிற கதையை அதன் பிறகு ஒருவரும் எடுக்கவில்லை.

யோகராஜா கதிரைகளை அடுக்க நின்றுவிட்டார். நானும் யாதவியும் பஸ் தரிப்பிடத்துக்கு நடந்தோம். என் பெயர் போய்விட்டது என்று எனக்கு உள்ளுக்குள் எரிந்தது. ஆனாலும் பல நாளைக்குப் பிறகு மூச்சு லேசாக வந்தது.

“மாளிகை எண்டு மாத்திவிடு பிள்ளை,” என்றேன். “படத்துக்குள்ள அடங்குமோ?”

“மாத்தமாட்டன். எனக்கு மாளிகை எண்டு முதல் நாளே தெரியும்.”

நான் நின்றுவிட்டேன்.

“நீங்கள் சொன்ன உடன விக்கிபீடியாவில பாத்தனான். பிழை எண்டு தெரியும். ஆனா எனக்கு வீடுதான் பிடிச்சுது. நாலு வருசம் இருந்திட்டு, அடுப்புத் துடைச்சு, வீட்டுத் திறப்பைக் குடுத்திட்டுப் போறவைக்கு என்னத்துக்கு மாளிகை? அவையும் எங்களை மாதிரி வாடகைதானே.”

“அடி நாசமாய்ப் போவாளே! அதை அங்க சொல்லியிருக்கலாம்தானே? நான் இவ்வளவு பேருக்கு முன்னால மானம் கெட்டு நிண்டிருக்கமாட்டன்.”

“சொல்லியிருக்கலாம்,” என்றாள். “நீங்கள் எழும்புவீங்களோ எண்டு பாத்தனான்.”

பதினேழு வருடம் நான் பெற்று வளர்த்த பிள்ளை, அத்தனை பேர் ஏச ஏச, என்னைத் திரும்பிப் பார்க்காமலே காத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

“எழும்பினனான்தானே?” என்றேன்.

“ஓம். பத்து நிமிசம் எடுத்தது.”

பஸ் வருவது தூரத்தில் தெரிந்தது. அவளுடைய கையைப் பிடித்தேன். பதினேழு வயதுப் பிள்ளைகள் இப்படித் தெருவில் கை கொடுக்கமாட்டார்கள். இவள் கொடுத்தாள்.

“அடுத்த முறை உடனை எழும்புவன்,” என்றேன்.

“பாப்பம்,” என்றாள் என் மகள்.