அனாக் லெலாக்கி வீரமுத்து

எங்கள் கல்லூரிக்குத் திடல் கிடையாது. மலாக்கா டவுனில் ஒரு டயர் கடைக்கு மேலே இரண்டு மாடி, அதுதான் கல்லூரி. ஆனால் கால்பந்துக் குழு இருந்தது. குழுவுக்கு மேலாளராக ரெஜினால்ட் சார் இருந்தார். எங்களுக்கு வணிக நெறிமுறை நடத்தியவரும் அவர்தான். 'நேர்மை' என்று பலகையில் எழுதினால் அடியில் இரண்டு கோடு போடாமல் விடமாட்டார்.

1994-இல் தனியார் கல்லூரிகளுக்கான போட்டியில் எப்படியோ இறுதியாட்டத்துக்கு வந்துவிட்டோம். ஒன்பதாம் எண் சட்டை என்னுடையது. ஜாசின் பக்கத்து எஸ்டேட்டில் டிராக்டர் ஓட்டிய என் அப்பா வீரமுத்து, நான் ஆடி ஒருநாளும் பார்த்ததில்லை. அன்றைக்கு லீவு போட்டு, எஸ்டேட் குடியிருப்பான லயத்தில் பாதிப் பேரையே லோரியில் ஏற்றிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருந்தார். அப்பா பார்க்க ஒரே ஒரு ஆட்டம் ஆடிவிட வேண்டும். அந்த வருஷம் எனக்கு வேறு ஆசையே இல்லை.

ஆட்டத்துக்குச் சற்று முன்னால் சார் என் தோளில் கை போட்டார். அவர் கை போட்டாலே நம்மிடமிருந்து ஏதோ போகப்போகிறது என்று அர்த்தம்.

"தம்பி, இவரு பரமேஸ்வரன். கோலா சுங்கை பாருவுல மீன் மார்க்கெட்ல ஐஸ் தூக்குறாரு. இன்னிக்கு இவருதான் நீ."

பரமேஸ்வரனுக்கு முப்பது வயதிருக்கும். கட்டை மீசை. அவருடைய ஒரு தொடை என் இடுப்பளவு இருந்தது.

"ஸ்டூடன்ட் மட்டும்தான் ஆடணும்னு ரூல் இருக்கே சார்?"

"அதான் ஸ்டூடன்ட் பேர்ல ஆடுறாரு லா. ரூல நாம மதிக்கிறோம்."

"அடையாளக் கார்டு, ஐசி கேட்டாங்கன்னா?"

"ஐசி படத்துல யாருதான் யாரு மாதிரி இருக்கா? சட்டையக் கழட்டு."

கழற்றிக் கொடுத்தேன். சார் பதிலுக்கு ஒரு தொப்பி தந்து, முகத்தை மறைத்துக்கொண்டு ஓரமாக உட்காரச் சொன்னார். நெறிமுறை வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்ததற்குக் கிடைத்த பரிசு.

லோரியில் வந்து இறங்கியிருந்த அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"என்னடா, நீ இன்னும் எறங்கலயா?"

"எறங்கிட்டேம்பா. அதோ ஒம்பதாம் நம்பர். அதான் நான்."

அப்பா ஒன்பதாம் எண்ணை வெகுநேரம் பார்த்தார்.

"ஒனக்கு எப்படா மீச மொளச்சிச்சி?"

நடந்ததைச் சொன்னேன். எனக்கு அழுகை முட்டியது, தொப்பி உதவியது.

பரமேஸ்வரன் நன்றாகத்தான் ஆடினார். ஐஸ் கட்டியைத் தள்ளுவதுபோல் இரண்டு பேரைத் தள்ளிவிட்டு ஒரு கோல் போட்டார். உடனே ஒலிபெருக்கி முழங்கியது: "யுகேந்திரன், அனாக் லெலாக்கி வீரமுத்து!"

அனாக் லெலாக்கி என்றால் மகன். இந்த நாட்டில் எங்கள் பெயர் தனியாக எங்கும் போகாது, அப்பாவையும் இழுத்துக்கொண்டுதான் போகும். என் பெயரை எடுத்துக்கொண்ட சார் இதை மறந்துவிட்டார். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் கங்காணி மட்டுமே கூப்பிட்டுவந்த அப்பாவின் பெயர், மைக்கில் திடல் முழுக்கக் கேட்டது. லோரிக் கூட்டம் விசிலடித்தது. அப்பா பாதி எழுந்துவிட்டார். பிறகு என்னைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டார். அந்த முகத்தைப் பார்த்தபோது எனக்குச் சார்மேல் வந்த கோபத்தை எந்த நெறிமுறையிலும் அடக்க முடியாது.

இரண்டாம் பாதியில் எதிரணிப் பையன் ஒருவன் சட்டையைப் பிடித்து இழுத்தான். பரமேஸ்வரன் மார்க்கெட் வழக்கப்படி முழங்கையால் பதில் சொன்னார். பையன் மூக்கில் ரத்தம். சிவப்பு அட்டை. அதே ஒலிபெருக்கி, அதே குரல்: "யுகேந்திரன், அனாக் லெலாக்கி வீரமுத்து!"

இந்த முறை அப்பா முழுசாக எழுந்தார்.

"எவனோ குத்துனதுக்கு எம் பேர ஏன்டா சொல்றான்?"

என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேராகத் திடலுக்குள் நடந்தார். என் தொப்பியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, நடுவரிடம் தனக்குத் தெரிந்த மலாயில் சொன்னார்: "இனி அனாக் சாயா. இத்து புக்கான்." இவன்தான் என் மகன், அவன் இல்லை.

ரெஜினால்ட் சார் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டத் தொடங்கினார். கயிறே இல்லாத ஷூ அது.

அப்பா அதோடு விடவில்லை. "செவப்பு அட்ட அவருக்குத்தான? அவரு போவட்டும். இப்ப எம் மவன எறக்குங்க" என்றார். நான் அதை மலாயில் சொன்னேன். நடுவர் தன் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"யுகேந்திரன் சூடா கெலுவார்" என்றார். யுகேந்திரன் வெளியே போயாயிற்று.

கோப்பை எதிரணிக்குப் போனது. விசாரணைக் குழு கூடி நியாயம் வழங்கியது. முழங்கையால் இடித்த பரமேஸ்வரனுக்குத் தடை இல்லை, ஏனென்றால் அவர் அந்த ஆட்டத்தில் ஆடவே இல்லை. சார் கொடுத்த பிரியாணியைச் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறிவிட்டார். ரெஜினால்ட் சார் விசாரணைக் குழுவிலேயே ஓர் உறுப்பினர். பெயரை இரவல் கொடுத்தது, உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒருவன் மூக்கை உடைத்தது ஆகிய குற்றங்களுக்காக எனக்கு இரண்டு வருஷத் தடை. என் படிப்பே இரண்டு வருஷம்தான். அடுத்த வகுப்பில் சார் 'நேர்மை' என்று எழுதி மூன்று கோடு போட்டார்.

தடையைச் சொன்னதும் அப்பா கேட்டார்: "நம்ம எஸ்டேட் திடலுக்கும் சேத்தாடா?"

"இல்லப்பா."

"அப்பறம் என்ன?"

ஞாயிற்றுக்கிழமை லயத்துப் பையன்களோடு ஆடினேன். எங்கள் எஸ்டேட்டில் ரூல் எதுவும் கிடையாது, அதனால் யாரும் மீறவில்லை. அப்பா கோட்டோரம் நின்றார். தனியாகப் பந்து கிடைத்தது, எதிரே கோல் காப்பவன் மட்டும்தான். ஓங்கி அடித்தேன். பந்து கம்பத்துக்கு மேலே பறந்து செம்பனை மரங்களுக்குள் விழுந்தது. பையன்கள் சிரித்தார்கள்.

அப்பா இரண்டு கைகளையும் வாயருகே குவித்து, எஸ்டேட்டே கேட்கும்படி கத்தினார்.

"யுகேந்திரன்! அனாக் லெலாக்கி வீரமுத்து!"