பேசக் கூடாத ஒரு மாதம்

எரிச்சல் என்றால் அப்படி ஒரு எரிச்சல். மார்த்தாள் டீச்சர் வாயைத் திறக்கக் கூடாது என்று உத்தரவாகி இரண்டு வாரம் ஆகிறது. சங்கரன்கோவிலில் ஒரு ஆளுக்காவது அது மண்டையில் ஏறியிருக்க வேண்டுமே!

வருஷக்கணக்காக ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக் கத்திக் கத்தி மேய்த்த தொண்டை. போன மழைக்காலத்தில் கரகரத்தது. பிறகு பாதி வார்த்தை காற்றாகவே போனது. மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரம்மா அவள் நாக்கைத் துணியால் பிடித்து இழுத்து, சின்னக் கண்ணாடி ஒன்றை விளக்குத் தீயில் காட்டி உள்ளே விட்டு, 'ஈ' சொல்லச் சொன்னாள். மண்வெட்டி பிடித்த கையில் காய்ப்பது போல, குரல் வருகிற இடத்தில் காய்த்திருக்கிறதாம்.

"ஒரு மாசம் ஒரு வார்த்தை பேசக்கூடாது. குசுகுசுன்னு பேசுறது அதைவிடக் கெடுதல். அதுக்கப்புறம் தொண்டையை இறுக்காமப் பேசப் பழக்கித் தாரேன். மீறினீங்கன்னா குரலை மறந்துர வேண்டியதுதான்."

குரல் போனால் டீச்சர் வேலையும் போகும். மார்த்தாள் சிலேட்டும் குச்சியுமாக வீட்டில் உட்கார்ந்தாள்.

பேசாதவளுக்குக் காதும் கேட்காது என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. பால்காரி பேச்சித்தாய் காதருகே வந்து, "டீச்சரம்மா! பா...லு!" என்று அலறினாள். சர்ச்சில் ஜெபம் நடத்தும் உபதேசியார் கைஜாடையில் நலம் விசாரித்தார். இவர்களையாவது பொறுத்துக்கொள்ளலாம், வீட்டுக்காரர் பவுல்பாண்டியனை என்ன செய்ய? கல்யாணமான நாள் முதல் இப்படி ஒரு நிம்மதி கிடைத்ததில்லை என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தார். அந்த நிம்மதியில்தான் மகள் சுந்தரபாய்க்கு மாப்பிள்ளையும் பார்த்துவிட்டார்.

சுந்தரபாய்க்குப் பாளையங்கோட்டையில் டீச்சர் டிரெயினிங்குக்கு இடம் கிடைத்திருந்தது. ஜூனில் சேர வேண்டும். அது தெரிந்தும், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு, மாப்பிள்ளையின் பெரியப்பா ஏசுதாசனையும் அவர் ஆட்களையும் கூட்டிவந்து கூடத்தில் உட்காரவைத்துவிட்டார் மனுஷன்.

"தங்கச்சிக்குச் சம்மதந்தான?" ஏசுதாசன் அடுத்த தெருவுக்குக் கேட்கும்படி மார்த்தாளைக் கேட்டார்.

மார்த்தாள் எழுதினாள்: 'டிரெயினிங் முடியாமல் கல்யாணப் பேச்சு வேண்டாம்.'

பவுல்பாண்டியன் சிலேட்டை வெடுக்கென்று வாங்கிப் பார்த்தார். "ரொம்ப சந்தோசம்னு எழுதியிருக்கா அண்ணாச்சி. வேற என்னத்த எழுதப் போறா?" என்றபடியே துண்டால் அழித்தார்.

அட பாவி மனுஷா! மார்த்தாளுக்கு உச்சந்தலை கொதித்தது. இல்லை, இல்லை என்று கையை ஆட்டினாள்.

"பந்தியெல்லாம் பெருசா வேண்டாம்னு சொல்லுதா. சிக்கனக்காரி!" என்றார் பவுல்பாண்டியன்.

அவள் சிலேட்டைப் பிடுங்கி மறுபடி எழுதுவதற்குள் ஏசுதாசன் எழுந்து நின்றுவிட்டார். "அப்ப ஜெபம் பண்ணிருவோம்."

ஜெபம் முடிந்து ஆமென் சொல்லிவிட்டால் நிச்சயமான மாதிரிதான். பிறகு பின்வாங்கினால் சபையில் தலைகாட்ட முடியாது. மார்த்தாள் அவசரமாக எழுதி முடித்துச் சிலேட்டை உயரத் தூக்கிப் பிடித்தாள். ஒருத்தர் பார்க்க வேண்டுமே! கூடத்தில் அத்தனை பேரும் பக்தியாகக் கண்ணை மூடியிருந்தார்கள். கதவோரம் சுந்தரபாய் மட்டும் கண்ணை மூடாமல் நின்று, சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள்.

"இந்த ரெண்டு பிள்ளைகளையும் சேர்த்து வைக்கிற ஆண்டவரே..." ஏசுதாசன் முடிவுக்கு வந்துகொண்டிருந்தார்.

"நிப்பாட்டுங்க!"

தகரத்தை ஆணியால் கீறியது போல ஒரு சத்தம். அது தன் குரல்தான் என்று மார்த்தாளுக்கே பிடிபடவில்லை. எல்லாக் கண்களும் திறந்தன.

"எம் மவ படிக்கப் போறா. கல்யாணமெல்லாம் பொறவுதான். நான் எழுதினதும் இதத்தான். இவுக பொய்யா வாசிச்சாக."

ஏசுதாசன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஆட்களோடு வெளியேறினார். பவுல்பாண்டியன் முகம் செத்துப்போயிற்று. சுந்தரபாய் ஓடிவந்து அம்மாவின் வாயைப் பொத்தினாள்.

"போதும்மா, பேசாதீக! குரல் போயிரும்!"

மார்த்தாள் மகளின் கையை விலக்கினாள். தொண்டை தீயாய் எரிந்தது.

"ஏட்டி, பேசாம இருந்தா நீயில்ல போயிருப்ப," என்றாள். பாதிதான் சத்தமாக வந்தது.