நிப்பாட்டச் சொன்ன சத்தம்

கதிரையில் இருந்த கையோடு அந்தப் பிள்ளை கேட்ட முதற் கேள்வியே எனக்குப் பிடிக்கவில்லை.

“ஐயா, கரண்டிலை சத்தம் செய்யிற வேலையை முதல்லை தொடங்கினது நீங்களோ, புங்குடுதீவு இராசநாயகமோ?”

பெயர் மேனுகா. கனடாவில் படிக்கிறாளாம், புத்தகம் எழுதுகிறாளாம். கொப்பியில் நடுவாலே கோடு கீறி ஒரு பக்கம் என் பெயர், மற்றப் பக்கம் அவன் பெயர். அவன் பக்கம் நிரம்பிக் கிடந்தது. என் பக்கத்தில் ‘அப்புத்துரை, புளியங்கூடல், லவுட்ஸ்பீக்கர்’ என்பதற்கு மேல் ஒரு சொல் இல்லை. கேட்டு எழுத வருகிற ஆட்களை நான் நம்புவதில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவன்தான். ஆனாலும் வெறும் பக்கத்தைக் கண்டால் தெரியும்.

“நான்தான். அவன் பிறகு.”

“அவர் பிடிச்ச ஒலிநாடா ஒண்டு இருக்கு ஐயா. உங்கடை சத்தம் ஒண்டும் மிச்சமில்லை. அத்தாட்சி இல்லாமல் நான் எப்பிடி எழுதுறது?”

அது உண்மை. தொண்ணூறில் சண்டைக்குத் தப்பி ஓடினபோது என் றேடியோ இரண்டும் வீட்டோடு போய்விட்டன. எழுபதுகளில் எங்கள் கோயில் திருவிழாவுக்கு லவுட்ஸ்பீக்கர் இரண்டு செற் பிடிப்பார்கள், போட்டிக்கு. தெற்கு வீதி எனக்கு, வடக்கு வீதி அவனுக்கு. பாட்டுத்தட்டு இரண்டு பேரிடமும் ஒன்றுதான். அவனிடம் இல்லாதது ஏதாவது வேண்டுமே. இரண்டு றேடியோவின் முதுகைக் கழற்றிப் பக்கத்தில் வைத்து ஒன்றைத் திருகினேன். நடுவில் ஒரு விசில் பிறந்தது. கையைக் கிட்டக் கொண்டுபோனால் ஏறியது, எடுத்தால் இறங்கியது. ஓர் அளவுக்குக் கீழே போனால் அறுந்துவிடும். சனம் கச்சான் கடலையைக் கையில் வைத்தபடி நின்றது. அடுத்த வருடம் அவன் பதுளையில் ஒரு கடையிலிருந்து ரேப் றெக்கோடர் கொண்டுவந்து, கிணற்றுக் கப்பி, காகம், வள்ளத்து இஞ்சின் என்று சத்தங்களைப் பிடித்து, நாடாவைப் பிளேட்டால் வெட்டி ஒட்டிப் போட்டான். “நீ கிடந்ததை வெட்டுறாய், நான் இல்லாததைச் செய்யிறன்” என்றேன். “நாய் ஊளையிட றேடியோ வேணுமோ” என்றான். அதோடு கதை நின்றது. அவன் செத்த வீட்டுக்கும் நான் போகவில்லை.

வெளிநாட்டிலும் இப்படி இரண்டு கட்சி இருந்ததாம், மேனுகா சொன்னாள். பிடித்து வெட்டுகிறவர்கள் ஒரு பக்கம், கரண்டிலேயே சத்தம் செய்கிறவர்கள் மற்றப் பக்கம்.

“உதுக்கு வெள்ளைக்காரனும் சண்டை பிடிச்சவனோ?”

“ஓம் ஐயா, நல்லாப் பிடிச்சவை” என்று சிரித்தபடி ஃபோனை மேசையில் வைத்தாள். இராசநாயகத்தின் பெண்சாதி நாகபூசணி கொடுத்த நாடாவை அதில் ஏற்றியிருந்தாள், இன்னும் முழுக்கக் கேட்கவில்லையாம்.

முதலில் கப்பி. பிறகு என் விசில். நடுவில் என் மைக்கில் வந்து கத்திய எங்கள் கோயில் முகாமையாளர் மயில்வாகனத்தாரின் குரல்: “அப்புத்துரை, உந்தச் சனியனை நிப்பாட்டு.” அவன் அந்த ‘நிப்பாட்டு’வை வெட்டி ஒன்பது தரம் ஒட்டியிருந்தான்.

மேனுகா துள்ளிவிட்டாள். “ஐயா, இது நீங்கள்! பெட்டியிலை எழுபத்தி நாலு எண்டு கிடக்கு. அவர் வெட்டி ஒட்டமுந்தியே உங்கடை சத்தம் இருந்திருக்கு. நீங்கள்தான் முதல்.”

“அப்ப அப்பிடி எழுதும். என்ரை சத்தத்தை எடுத்த கள்ளன் அவன் எண்டும் எழுதும்.”

எழுதினாள். நான் திரும்பவும் போடச் சொன்னேன். என் விசில் இறங்கியது. அறுகிற இடம் வந்தது. அறவில்லை. அதற்குக் கீழே இறங்கி, மாடு மூச்சு விடுகிறமாதிரி நிலத்தோடு போனது. ஏழெட்டுத் திருவிழா நான் கையை ஆட்டிப் பார்த்தும் போக ஏலாத இடம்.

“அந்த மெஷின் எங்கை கிடக்கு?” என்றேன்.

அவள் வந்த ஓட்டோவிலேயே பாலத்தால் புங்குடுதீவுக்குப் போனோம். நாகபூசணி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“செத்த வீட்டுக்கு வராத அண்ணை, ஆரைப் பாக்க வந்தனீங்கள்?”

“மெஷினை.”

“அதுவாவது சொல்ல வாய் வந்துதே.” கட்டிலுக்குக் கீழிருந்து இழுத்துத் தந்தாள். “வருசப்பிறப்புக்கு ஒருக்கா ஓடவிடுறனான். உங்கடை சத்தத்தை அவர் மதிலுக்கு வெளியிலை நிண்டு பிடிச்சவர், மூண்டு திருவிழா. உள்ளுக்கை வந்தால், கண்டவுடனை நீங்கள் நிப்பாட்டிப்போடுவியளாம்.”

நிப்பாட்டித்தான் இருப்பேன்.

மூடியைக் கழற்றினேன். நாடாவை இழுக்கிற சின்ன இரும்புக் கம்பியைச் சுற்றி, காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்டர். காவி நிறமாய் இறுகிக் கிடந்தது. கம்பி தடித்தால் நாடா விரைவாக ஓடும். அப்படி ஓடவிட்டுப் பிடித்து, பிறகு பிளாஸ்டரைக் கழற்றிப்போட்டால் சத்தம் கீழே போகும். இவ்வளவுதான். ஆனால் எத்தனை சுற்று? நகத்தால் விளிம்பைத் தேடினேன். ஒரு சுற்றுக் கூடினால் என் விசில் கெட்டுப்போகும், குறைந்தால் அங்கே இறங்காது. எத்தனை நாள் இருந்து பார்த்தானோ.

“ஐயா,” மேனுகா பேனையைத் திறந்தாள். “கள்ளன் எண்டதை அப்பிடியே விடவோ, வெட்டவோ?”

நான் நாகபூசணியைப் பார்த்தேன். “வீட்டிலை பிளாஸ்டர் கிடக்கோ? எத்தினை சுத்தெண்டு நானும் சுத்திப் பாக்கோணும்.”

அவள் அலுமாரியைத் திறக்கிற சத்தம் கேட்டது. நான் சுவிச்சைப் போட்டேன். நாடா இல்லாத தட்டுகள் இரண்டும் மெல்லச் சுற்றத் தொடங்கின. நடுவில், பிளாஸ்டர் சுற்றிய அந்தக் கம்பி ஒரு பக்கம் கொஞ்சம் கோணலாய், ஆடி ஆடிச் சுழன்றது.